காலரில் வரிசையாகக் கொப்புளம்: ஒட்டும் கேன்வாஸில் எங்கே தப்பு செய்தேன்?

மாடிவீட்டுத்தையல் (கும்பகோணம்)

எல்லாருக்கும் வணக்கம். நான் கிளாஸ் போய்க் கற்றவள் இல்லை. இரண்டு வருடமாக மாடியில் ஒரு மிஷினைப் போட்டுக்கொண்டு, பிரித்துப் பார்த்துப் பார்த்துத் தைக்கிறேன். ஜாக்கெட், பாவாடை, தலையணை உறை எல்லாம் ஒருவழியாக வந்துவிட்டது. காலரில் கைவைத்ததும் மாட்டிக்கொண்டேன்.

முதல் சங்கடம், வீட்டுக்காரருக்குத் தைத்த சட்டை. நீலக் கட்டம் போட்ட கைத்தறி காட்டன். துணியை ஓர் இரவு முழுக்க ஊறவைத்து, கஞ்சி போக அலசி, காயவைத்த பிறகுதான் வெட்டினேன். காலர் விறைப்பாக நிற்க உள்ளே வைக்கிற கேன்வாஸ், நெய்தது, ஒரு பக்கம் பசை தடவியது, கடையில் அரை மீட்டர் வாங்கினேன். காட்டன் சூட்டில் ஸ்டீம் விட்டு, இடத்துக்கு ஒரு தடவை பெட்டியை வைத்து வைத்து எடுத்தேன். நன்றாகவே ஒட்டியது. போட்டுப் பார்த்து, "கடைச் சட்டை மாதிரியே இருக்கே" என்றார். ஒரு தடவைதான் துவைத்தேன். மேல் காலரில் சின்னச் சின்னதாகக் கொப்புளம். அதுவும் அம்மை போட்ட மாதிரி கண்டபடி இல்லை, கோலப்புள்ளி மாதிரி வரிசையாக, ஏறக்குறைய ஒரே இடைவெளியில். காலர் முனையில் மட்டும் ஒன்றும் இல்லை. பொத்தான் பட்டி லேசாகச் சுருண்டிருக்கிறது.

இரண்டாவது, மகளுக்கு ரேயான் குர்த்தி, சைனீஸ் காலர். இதற்குப் பேப்பர் கேன்வாஸ். இது துவைப்பதற்கு முன்பே அட்டை மாதிரி நின்றது. துவைத்த பிறகு கழுத்தைச் சுற்றி அலை அலையாக ஆகிவிட்டது. கரும்பச்சைத் துணியில் உள்ளிருந்து வெள்ளைப் பொட்டு வேறு தெரிகிறது. "அம்மா, கழுத்தில் பட்டை போட்ட மாதிரி இருக்கு" என்று கழற்றிப் போட்டுவிட்டாள்.

மூன்றாவது இன்னும் நடக்கவில்லை, அதுதான் பயம். ஆவணியில் நாத்தனார் வீட்டுக் கல்யாணம். என் தங்கை பட்டும் பருத்தியும் கலந்த புடவையிலிருந்து ஜாக்கெட் துணியை வெட்டிக் கையில் கொடுத்துவிட்டாள். பின்கழுத்து பானை வடிவம், கயிறு வைக்க வேண்டும். துணி எண்பது சென்டிமீட்டர்தான். கெடுத்தால் மறு துணி கிடையாது.

கடையில் போய் "ஒட்டுற கேன்வாஸ்" என்றால் இரண்டு சுருளைக் காட்டி "தடிமனா, மெல்லிசா?" என்கிறார்கள். அதற்கு மேல் என்ன கேட்க வேண்டும் என்று எனக்குத் தெரியவில்லை. எந்தத் துணிக்கு எதை எடுப்பது, ஒட்டுவதற்கு ஏதாவது முறை இருக்கிறதா, கெட்டுப்போன சட்டையைக் காப்பாற்ற முடியுமா? நிதானமாகச் சொல்லுங்கள்.


ஊக்குப்பட்டி (மதுரை)

ஒட்டுகிற சமாச்சாரமே வேண்டாம் என்பேன். இருபது வருடமாக ஜாக்கெட் தைக்கிறேன், கழுத்துக்குப் பசையில்லாத வெறும் கேன்வாஸ் துணியைத் தண்ணீரில் போட்டெடுத்து, லைனிங்கோடு சேர்த்து வைத்துத் தைத்துவிடுவேன். கொப்புளமும் கிடையாது, பொட்டும் கிடையாது. சட்டைக் காலர் எனக்குத் தெரியாத வேலை, அதைத் தெரிந்தவர் சொல்லட்டும். பானைக் கழுத்துக்கு வளைவில் தையலுக்கு வெளியே இருக்கும் துணியைக் காலங்குல இடைவெளியில் வெட்டிவிட்டுத் திருப்புங்கள். கழுத்து படியாததற்குப் பாதி நேரம் காரணம் கேன்வாஸே இல்லை, அந்த வெட்டு போடாததுதான்.


பழைய ஃப்யூசிங்காரன் (திருவொற்றியூர்)

தங்கச்சி, கோலப்புள்ளி மாதிரி வரிசையாக என்று எழுதினீர்கள் பாருங்கள், அதை எழுதாமல் விட்டிருந்தால் நான் இந்நேரம் வேறு ஏதோ பிரசங்கம் பண்ணியிருப்பேன். ஒரு வேலை செய்யுங்கள். உங்கள் அயர்ன் பாக்ஸைத் திருப்பி அடித்தட்டைப் பாருங்கள். ஸ்டீம் வருகிற துளைகள் இருக்கும். ஒரு பேப்பரில் அந்தத் துளைகளைப் பென்சிலால் குறித்து, காலர் மேல் வைத்துப் பாருங்கள். பொருந்தும் என்று நினைக்கிறேன்.

துளை இருக்கிற இடத்தில் தகடு துணியைத் தொடுவதில்லை. அங்கே சூடும் குறைவு, அழுத்தம் அறவே கிடையாது. சுற்றிலும் ஒட்டி, துளைக்கு நேரே மட்டும் ஒட்டாமல் நின்றிருக்கிறது. தைத்த அன்று அது கண்ணுக்குத் தெரியாது. பிறகு துவைத்தீர்கள். துணியை முன்னாடியே நனைத்துவிட்டீர்கள், அது சுருங்க வேண்டியதைச் சுருங்கி முடித்துவிட்டது. கேன்வாஸை நனைக்கவில்லை. அதுவும் நெய்த பருத்திதானே, அது சட்டைக்குள் போன பிறகுதான் முதல் தடவையாகத் தண்ணீரைப் பார்க்கிறது. 16 அங்குலக் காலரில் 3 சதவீதம் சுருங்கினால்கூடக் கிட்டத்தட்ட அரை அங்குலம். உள்ளே இருப்பது அரை அங்குலம் குறைந்தால் மேலே இருக்கிற துணி எங்கே போகும்? ஒட்டாத இடம் பார்த்து எழும்பும். பட்டி சுருண்டதற்கும் காரணம் அதுதான்.

குர்த்தியில் இது தலைகீழ். பேப்பர் கேன்வாஸ் தண்ணீரில் பெரிதாகச் சுருங்காது. ரேயான் நன்றாகச் சுருங்கும். குர்த்தித் துணியை நனைத்ததாக நீங்கள் எழுதவில்லை, எனவே நனைக்கவில்லை என்றே எடுத்துக்கொள்கிறேன். வெளித்துணி குறைந்துவிட்டது, உள்ளே இருப்பது அப்படியே நிற்கிறது, அதனால் அலை. வெள்ளைப் பொட்டு என்பது பசை. சூடு அதிகமாகி, துணி மெல்லிசாகவும் இருந்தால் உருகிய பசை இழைகளுக்கு நடுவே புகுந்து மேலே வந்துவிடும். அடர் நிறத்துக்குக் கறுப்பு கேன்வாஸ் இருக்கிறது, கேட்டு வாங்க வேண்டும்.

நான் சட்டை ஏற்றுமதி செய்கிற ஒரு ஆலையில் பத்தொன்பது வருடம் ஃப்யூசிங் செக்ஷனில், அதாவது கேன்வாஸைத் துணியோடு ஒட்டுகிற பிரிவில், இருந்தவன். எங்களுக்கு முதல் நாளே ஒன்றைச் சொல்லிவிடுவார்கள்: இது இஸ்திரி இல்லை. இஸ்திரி என்றால் தள்ளுவது, ஃப்யூசிங் என்றால் வைப்பது. கேன்வாஸின் ஒரு பக்கம் தடவிப் பார்த்தால் சொரசொரப்பாக, வெளிச்சத்தில் மினுக்கும் புள்ளிகளாக இருக்கும். அந்தப் பசை ஒரு பிளாஸ்டிக். சூட்டில் உருகும், ஆறினால் இறுகும், திரும்பச் சூடாக்கினால் திரும்ப உருகும். உருகிய நேரத்தில் பெட்டியைத் தள்ளினால் கேன்வாஸ் ஒரு நூலிழை நகரும், துணி இன்னொரு பக்கம் இழுபடும், அந்தக் கோணலிலேயே ஆறிப்போகும்.

இதில் சூடு, நேரம், அழுத்தம் மூன்றும் கணக்கு. சூட்டைப் பற்றி மட்டும்தான் எல்லாரும் கவலைப்படுகிறார்கள். அழுத்தத்தைப் பாருங்கள். சட்டைக் காலருக்கு நாங்கள் மிஷினில் ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 2 முதல் 3 கிலோ வரை வைப்போம், சூடு 150 முதல் 170 டிகிரி, நேரம் 12 முதல் 18 வினாடி. உங்கள் வீட்டுப் பெட்டி ஒரு கிலோ சொச்சம் இருக்கும். அடித்தட்டு ஏறக்குறைய 150 சதுர சென்டிமீட்டர். சும்மா வைத்தால் ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 7, 8 கிராம்தான் விழுகிறது. எங்கே 2 கிலோ, எங்கே 8 கிராம்! உடம்பைச் சாய்த்து 15 கிலோ அழுத்தினாலும் 100 கிராம்தான் ஆகும். அதையும் பஞ்சு மெத்தை மேல் வைத்துச் செய்தால் மெத்தை அமுங்கிக்கொடுத்து, அழுத்தம் சரியாகப் பிடிக்காது. கட்டிலில் வைத்துத் தேய்க்கிறவர்களுக்கு ஒட்டவே ஒட்டாது. மரமேஜை மேல் பழைய வேட்டியை நாலாக மடித்துப் போட்டால் போதும். மேஜை இடுப்புக்குக் கீழே இருந்தால்தான் உடம்பு பாரம் இறங்கும். எங்கள் தெருமுனையில் கரிப்பெட்டி வைத்திருக்கிற இஸ்திரிக்காரரிடம் காலரைக் கொடுத்து ஒட்டி வாங்குகிற தையல்காரர் ஒருவர் இருக்கிறார். சிரிக்காதீர்கள், அந்தப் பித்தளைப் பெட்டி பாரத்துக்கு உங்கள் பெட்டி கால்வாசி வராது.

சரி, எதை வாங்குவது. அடித்துணி மூன்று விதம். நெய்தது, சட்டைக் காலர், கஃப், பொத்தான் பட்டிக்கு. இதற்குப் பாவு (நீளவாட்ட இழை), ஊடை (குறுக்கு இழை) உண்டு, ஆகவே வெட்டும்போது துணியின் நேர்வாட்டமும் கேன்வாஸின் நேர்வாட்டமும் ஒரே பக்கம் போக வேண்டும். அடுத்தது பேப்பர் கேன்வாஸ் என்கிறோமே, அது. உண்மையில் பேப்பர் இல்லை, இழைகளை நெய்யாமல் பரப்பிப் பிணைத்தது. ஜெர்மனியில் வைன்ஹைம் ஊரிலுள்ள ஃப்ராய்டன்பெர்க் என்கிற தோல் பதனிடும் கம்பெனி, தோலுக்கு மாற்று தேடப்போய் இந்தப் பக்கம் வந்து, 1948-ல் வ்லீசலின் என்ற பெயரில் விற்க ஆரம்பித்தது. பைக்கு, தொப்பிக்கு, சின்னத் துண்டுகளுக்கு இது சௌகரியம். உடம்போடு மடிகிற துணிக்கு நான் போட மாட்டேன். மூன்றாவது, பின்னல் கேன்வாஸ். பனியன் துணி மாதிரி மெல்லிசாக, ஒரு பக்கம் இழுபடும். ரேயான், க்ரேப், ஜெர்சி எல்லாவற்றுக்கும் இதுதான். உங்கள் குர்த்திக் காலருக்குக் கறுப்பில் இதைப் போட்டிருக்க வேண்டும்.

தடிமன் விஷயத்தில் கடைக்காரரை நம்பாதீர்கள், உங்கள் விரலையும் முழுசாக நம்பாதீர்கள். ஒட்டிய பிறகு இரண்டும் சேர்ந்து, கையில் தொட்டபோது இருந்ததைவிட விறைப்பாகும். அதனால் துணியைவிட ஒரு படி மெல்லிசாக எடுப்பது நல்லது. துணியில் ஒரு துண்டைக் கடைக்கே எடுத்துக்கொண்டு போங்கள், இரண்டையும் சேர்த்துப் பிடித்து மடித்துப் பாருங்கள்.

பசையிலும் வித்தியாசம் உண்டு. சட்டைக் காலருக்கு என்றே வருவதில் பெரும்பாலும் அடர்த்தி கூடிய பாலிஎதிலீன் என்கிற பிளாஸ்டிக் பசை. எத்தனை துவைத்தாலும் தாங்கும், ஆனால் மிஷின் சூடும் அழுத்தமும் கேட்கும், வீட்டில் சண்டித்தனம் பண்ணும். பாலிஅமைடு பசை ஈரமும் சூடும் சேர்ந்தால் சீக்கிரம் இளகும், வீட்டுக்கு அது தோது. சில்லறையாக வெட்டிக் கொடுக்கிற கடையில் இது என்ன பசை என்றால் முறைப்பார்கள். சுருளின் ஓரத்திலோ உறையிலோ சூடும் நேரமும் அச்சடித்திருந்தால் கைப்பேசியில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். இல்லையென்றால் சோதனைதான் ஒரே வழி.

நான் வீட்டில் செய்கிற விதம் இது. நெய்த கேன்வாஸாக இருந்தால் கை பொறுக்கிற வெந்நீரில் இருபது நிமிடம் போட்டு, பிழியாமல், முறுக்காமல் குச்சியில் தொங்கவிடுவேன். பசை போய்விடுமோ என்று பயம் வேண்டாம், அந்தச் சூட்டில் அது உருகாது. மிஷினில் போட்டுச் சுற்றினால்தான் பசைப் புள்ளி உதிரும். சட்டைக் காலருக்குத் தைக்கும் கோட்டோடு கேன்வாஸை வெட்டுவேன், மடிப்புக்கு விடுகிற துணியில் கேன்வாஸ் வராது. முனையில் நான்கு அடுக்கு சேர்ந்து உருண்டை ஆகாமல் இருக்க அதுதான் வழி. ஒட்டுவது மேல் காலரில், அடிக்காலரில் இல்லை. துணியின் உள்பக்கம் மேலாக, அதில் ஒரு நூல் பிசிறுகூட இல்லாமல் தட்டிவிட்டு, முதலில் துணியை மட்டும் சூடாக்குவேன். பிறகு கேன்வாஸைச் சொரசொரப்பு கீழே வருகிற மாதிரி வைத்து, மேலே ஈரம் பிழிந்த மல் துணி. பெட்டியில் ஸ்டீமை நிறுத்திவிடுவேன், ஈரத்துணியே ஆவி தரும். காலர் நடுவிலிருந்து ஆரம்பித்து, வைத்து, சாய்ந்து, "நூற்றொன்று, நூற்றிரண்டு" என்று நூற்றுப்பதினைந்து வரை எண்ணி, தூக்கி, பாதி மேலேறுகிற மாதிரி அடுத்த இடம். துளை விட்ட இடத்தை அடுத்த தடவை தகடு மூடிவிடும். ஈரம் வற்றும்வரை. அப்புறம் துணியைத் திருப்பி வெளிப்பக்கம் ஒரு சுற்று.

அதன் பிறகு தொடக்கூடாது. இதைத்தான் யாரும் கேட்பதில்லை. ஆலையில் ஃப்யூசிங் மிஷின் வாயில் குளிர்விக்கிற தட்டு இருக்கும், அதைத் தாண்டித்தான் கையில் எடுப்போம். சூடாக இருக்கும்போது பசை இன்னும் கூழ். எடுத்து வளைத்துப் பார்த்தால் வளைந்த இடத்தில் விட்டுப்போகும். பத்து நிமிடம் மேஜையிலேயே கிடக்கட்டும், போய்க் காபி குடியுங்கள்.

சோதனை பற்றி ஒரு வார்த்தை. ஆலையில் காலையிலும், பிறகு இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவையும் துணிக்கும் கேன்வாஸுக்கும் நடுவில் சூடு காட்டுகிற காகிதப் பட்டையை வைத்து மிஷினுக்குள் விடுவோம். மிஷின் 160 என்று காட்டும், உள்ளே பட்டை 140 என்று சொல்லும். பசைக்குத் தெரிவது அந்த 140 மட்டும்தான். உங்களிடம் பட்டை கிடையாது, ஆனால் மிச்சத் துணி இருக்கும். நாலு அங்குலச் சதுரம் ஒட்டி, ஒரு மூலையில் பேப்பர் துண்டைச் செருகி ஒட்டாமல் விட்டு, நன்றாக ஆறிய பிறகு அந்த மூலையைப் பிடித்து உரித்துப் பாருங்கள். சுலபமாக உரிந்தால் சூடோ நேரமோ போதவில்லை. உரிக்கவே வராமல் மேலே பசை கசிந்திருந்தால் அதிகம். எல்லாம் சரியாக இருந்தால் அதையும் ஒரு தடவை துவைத்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

சட்டையைக் காப்பாற்றலாமா என்பதற்குப் பிறகு வருகிறேன். முதலில் துளை பொருந்துகிறதா என்று சொல்லுங்கள்.


மாடிவீட்டுத்தையல்

அண்ணா, பொருந்துகிறது! பேப்பரில் குறித்து வைத்துப் பார்த்தேன். ஒன்பது கொப்புளத்தில் ஏழு அப்படியே துளைக்கு நேராக விழுகிறது. முனையில் ஏன் வரவில்லை என்பதும் புரிந்துவிட்டது. முனை கூர்மையாக வரவேண்டுமே என்று அங்கே மட்டும் பெட்டியை நாலைந்து தடவை அழுத்தி அழுத்தி வைத்தேன். குர்த்தித் துணியை நனைக்கவில்லை என்பதும் உண்மை. புதுத்துணியின் மினுமினுப்பு போய்விடும் என்று விட்டேன்.

நேற்று மத்தியானம் மிச்சத் துணியில் ஐந்து சதுரம் ஒட்டிப் பார்த்தேன். என் பெட்டியில் பட்டு, கம்பளி, காட்டன் என்று குறி இருக்கிறது. கம்பளிக் குறியில் காய்ந்த துணி வைத்துப் பத்து வினாடி: ஆறியதும் வாழைப்பழத் தோல் மாதிரி உரிந்தது. அதே குறியில் ஈரத்துணி, பதினைந்து வினாடி: கொஞ்சம் பிடிக்கிறது, இழுத்தால் வருகிறது. காட்டனில் ஈரத்துணி, பத்து வினாடி: ஓரம் பிடித்தது, நடுவில் இல்லை. காட்டனில் ஈரத்துணி, பதினைந்து வினாடி, திருப்பிப் போட்டு இன்னொரு பத்து: உரிக்க முயன்றதில் என் நகம்தான் போயிற்று. ஐந்தாவது, வேண்டுமென்றே இஸ்திரி போடுகிற மாதிரி தள்ளித் தேய்த்தது. பார்வைக்கு நன்றாகத்தான் இருந்தது, வெளிச்சத்தில் பிடித்தால் கட்டம் கோணலாகப் போகிறது. கட்டம் போட்ட துணி என்பதால்தான் அது கண்ணில் பட்டது.

காபி குடிக்கப் போகச் சொன்னீர்கள். போனேன். பூனை வந்து நான்காவது சதுரத்தின் மேல் படுத்துவிட்டது. பாரமும் வைத்தாயிற்று என்று விட்டுவிட்டேன்.

இப்போது ஜாக்கெட் துணிதான் மிச்சம். அதில் சோதனை பார்க்க நாலு அங்குலம் எல்லாம் கிடையாது. கக்கத்தில் வெட்டி விழுகிற துண்டு இரண்டு விரல் அகலம் வரும். மதுரை அக்கா சொன்ன வெறும் கேன்வாஸே போதுமா? கரையில் சரிகை வேறு இருக்கிறது.


தறிவீட்டுப்பெண் (திருபுவனம்)

பக்கத்து ஊர்க்காரி என்பதால் எழுதுகிறேன். எங்கள் வீட்டில் அப்பா காலம்வரை பட்டுத் தறி ஓடியது, இப்போது நான் ஜாக்கெட் மட்டும் தைக்கிறேன். கல்யாண ஜாக்கெட்டைப் பாழாக்கி, புடவைக்காரம்மாவிடம் வாங்கிக் கட்டிக்கொண்ட அனுபவமும் உண்டு. பட்டின் மேல் நேராக ஈரத்துணி வைத்து ஒட்டினேன். ஈரம் ஒரு பக்கம் சொட்டியதில் துணியில் வட்டமாகக் கறை நின்றுவிட்டது. தண்ணீர்க் கறைதான், ஆனால் பட்டில் அதைப் போக்குவது பெரும்பாடு. அதோடு கழுத்துப் பக்கம் துணி பட்டு மாதிரியே இல்லை, ரெக்ஸின் மாதிரி நின்றது.

அன்றிலிருந்து என் பழக்கம் இது. பட்டின் மேல் பசையைத் தொடவிடுவதில்லை. ஒட்டுகிற கேன்வாஸ் போட்டே ஆக வேண்டுமென்றால் லைனிங் துணியில் ஒட்டுகிறேன். லைனிங் பருத்திதானே, நனைத்துக் காயவைத்து, அண்ணா சொன்ன சூட்டில் தைரியமாக ஒட்டலாம், சோதனை வேண்டிய அளவு பார்க்கலாம். கெட்டால் போவது இருபது, முப்பது ரூபாய்த் துணி. பட்டுக்கு விறைப்பு பின்னாலிருந்து வந்துவிடும், மேலே பட்டின் விழுச்சியும் அப்படியே இருக்கும்.

பானைக் கழுத்துக்கு இன்னொரு வழி, ஆர்கன்சா. மெல்லிசான, விறைப்பான துணி, பசை கிடையாது. கழுத்தைச் சுற்றி ஒன்றரை அங்குல அகலத்தில் கழுத்து வடிவத்திலேயே வெட்டி, துணியின் நேர்வாட்டத்தோடு சேர்த்து வைத்து, பட்டின் உள்பக்கம் கழுத்து ஓரத்திலிருந்து ஒரு நூல் உள்ளே கைத்தையல் போட்டுவிடுங்கள். வளைவு தையல் போடும்போது இழுபட்டு அகலமாகாது. பானைக் கழுத்து தொங்கிப்போவதற்குக் காரணமே அந்த வளைவில் துணி குறுக்காக வருவதுதான், பாவும் இல்லாமல் ஊடையும் இல்லாமல் நடுவாக இழுபடும். மெல்லிய பட்டுக் கலப்புக்கு மதுரை அக்காவின் கேன்வாஸ் கொஞ்சம் தடிமனாகத் தெரியலாம். கனமான முழுப்பட்டு என்றால் அதுவே சரி.

சரிகையைச் சொன்னீர்கள். இப்போது வருகிற பல சரிகை பிளாஸ்டிக் இழைதான், சூடு பட்டால் சுருண்டுவிடும். கைக்குக் கரை வைக்கும்போது சரிகை மேல் பெட்டியை நேராக வைக்காதீர்கள், உள்பக்கமிருந்து, மேலே துணி போட்டு, பட்டுக் குறியில். உடைகளின் சீட்டில் பெட்டிப் படத்துக்குள் புள்ளி போட்டிருப்பார்கள் இல்லையா, ஒரு புள்ளி குறைந்த சூடு, இரண்டு நடுச்சூடு, மூன்று அதிகச் சூடு. பட்டுக்கு இரண்டைத் தாண்டக் கூடாது. பிளாஸ்டிக் சரிகைக்கு ஒன்றே அதிகம் என்பேன்.

ஊக்கு வைக்கிற பட்டியில் மட்டும் மெல்லிய பின்னல் கேன்வாஸ், அதுவும் லைனிங் பக்கம். ஊக்கு இழுத்து இழுத்துப் பட்டுக் கலப்பு அங்கேதான் முதலில் விடும்.


பழைய ஃப்யூசிங்காரன்

திருபுவனத்துத் தங்கச்சி சொன்னது ரொம்பச் சரி. பட்டு என் துறை இல்லை, எங்கள் செக்ஷனுக்குப் பட்டு வந்ததே கிடையாது. லைனிங்கில் ஒட்டுகிற யோசனை எனக்கே புதுசு.

இனி அந்தச் சட்டை. பசை திரும்ப உருகும் என்று சொன்னேன் இல்லையா, அதனால் ஒரு தடவை முயன்று பார்க்கலாம். காலர் ஒட்டித் தைத்து முடிந்த நிலையில் இருக்கிறது, எனவே மேல் காலரை உங்கள் பக்கம் வைத்து, ஈரத்துணி போட்டு, காட்டன் சூட்டில், வைத்து எடுங்கள். கொப்புளத்தை ஓரத்துக்குத் தள்ளித் தேய்க்க நினைக்காதீர்கள், அது சுருக்கமாக மாறி நிரந்தரமாகிவிடும். ஈரத்தில் காலர்த் துணி கொஞ்சம் சுருங்கிப் படிந்து, அப்படியே பசை பிடித்தால் அதிர்ஷ்டம். முக்கால்வாசி படியும் என்பது என் கணக்கு. கேன்வாஸ் மேற்கொண்டு சுருங்கப் போவதில்லை, அதனால் அடுத்த துவைப்பில் புதுசாகக் கொப்புளம் வர வாய்ப்பு குறைவு. பட்டி சுருண்டது போகாது. அதைப் பிரித்துப் புதுசாக வைப்பதென்றால் காஜாவையும் பிரிக்க வேண்டும், விட்டுவிடுங்கள்.

குர்த்திக் காலரைப் பிரித்துத்தான் ஆக வேண்டும். பழைய கேன்வாஸை எடுக்க, சூடு காட்டி, பசை இளகியிருக்கும்போதே ஒரு மூலையிலிருந்து மெதுவாக உரியுங்கள். ஆறவிட்டால் பிடித்துக்கொள்ளும், திரும்பச் சூடு காட்டுங்கள். ரேயான் ஈரத்தில் பலம் இழக்கும், எனவே ஈரம் வேண்டாம், அவசரமும் வேண்டாம். உரித்த பிறகும் பசை துணியில் மிச்சம் இருக்கும், அதை வெளிப்பக்கம் தெரிகிற மாதிரி வைக்காதீர்கள். மிச்சத் துணி இருந்தால் புதுக் காலரே வெட்டிவிடுவது உத்தமம்.

இதைச் செய்யும்போது பெட்டியின் அடியில் பசை ஒட்டும், எல்லாருக்கும் ஒட்டும். பழைய செய்தித்தாளில் ஒரு கைப்பிடி கல் உப்பைப் பரப்பி, ஸ்டீம் இல்லாமல் சூடான பெட்டியை அதன் மேல் நாலு தடவை ஓட்டுங்கள். இங்கே மட்டும் தாராளமாகத் தள்ளித் தேய்க்கலாம். தகட்டில் வழவழப்புப் பூச்சு இருந்தால் உப்பு கீறும், அதற்கு வேண்டாம். இளஞ்சூட்டில் பழைய பருத்தித் துணியை மடித்து அதன் மேல் தேய்த்தெடுங்கள்.


மாடிவீட்டுத்தையல்

பத்து நாள் கழித்து எழுதுகிறேன். சட்டைக் காலரில் ஒன்பதில் ஏழு படிந்துவிட்டது. மிச்சம் இரண்டும் பின்கழுத்தில் இருக்கின்றன, தலைமுடி மறைக்கிறது. ரேஷன் கடைக்கும் மாவு மில்லுக்கும் போட்டுக்கொண்டு போகிறார், ஒன்றும் சொல்லவில்லை. பட்டி சுருண்டபடியேதான்.

ஜாக்கெட் முடிந்துவிட்டது. பின்கழுத்துக்கு ஆர்கன்சா, ஊக்குப் பட்டிக்கு லைனிங்கில் ஒட்டிய பின்னல் கேன்வாஸ். இந்தப் பின்னல் கேன்வாஸ் எங்கள் ஊரில் மூன்று கடை ஏறி இறங்கித்தான் கிடைத்தது. நான்கு விரலில் பிடித்து இழுத்துக் காட்டி "இப்படி இழுபடணும்" என்றதும்தான் உள்ளேயிருந்து எடுத்து வந்தார். வெட்டு போடுங்கள் என்று மதுரை அக்கா சொன்னதை முதலில் மறந்துவிட்டேன், கழுத்து மடங்காமல் நின்றது. பிரித்து, வெட்டுப் போட்டுத் திருப்பியதும் படிந்தது. தங்கை போட்டுப் பார்த்தாள். கழுத்தைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை, கை அரை அங்குலம் இறுக்கமாம்.

கறுப்புப் பின்னல் கேன்வாஸ் கால் மீட்டர் மிச்சம் இருக்கிறது. குர்த்தியை இன்று ராத்திரி பிரிக்கிறேன்.